பின்சீட்டுத் தோல்

இஷாக்கின் கையைப் பற்றித் திண்டுக்கல் பேகம்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரும் கேட்காவிட்டால் இஷாக்கே சொல்வான். கண்ணைக் கட்டிவிட்டு எந்தத் தோலைக் கொடுத்தாலும் சரி, ஒரு தடவு தடவிவிட்டு ஆடா மாடா, வெள்ளாடா செம்மறியா, கிடாயா பெட்டையா, மேட்டுக்காட்டில் மேய்ந்ததா வயலில் மேய்ந்ததா என்பதுவரை பிட்டுப் பிட்டு வைத்துவிடுவானாம். அவன் அத்தாவும், அத்தாவின் அத்தாவும் தோல் பதனிடுகிற ஷாப்பிலேயே காலம் கழித்தவர்கள். இவன் பைபாஸ் பக்கம் குஷன் கடை போட்டு, ஆம்னி பஸ் சீட்டிலிருந்து கல்யாண மண்டபத்து சோபாவரை தைத்துக் கொடுத்து நன்றாகவே இருக்கிறான். வேலை சுத்தம், சும்மா சொல்லக் கூடாது. வாய்தான் கொஞ்சம் நீளம்.

அந்த வாயை நம்பித்தான் வேலுசாமி அவனைத் தேடி வந்தார். அவருக்கு ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி. அகரத்தில் தென்னந்தோப்பு வாங்கி, உள்ளே பெரிய தகரக் கொட்டகை போட்டிருந்தார். தேங்காய் அடுக்கத்தான் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தால், அடேயப்பா, உள்ளே வீடு அகலத்துக்கு ஒரு கார் நின்றது.

டெய்ம்லர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் ஒரு ஜமீன்தார் வரவழைத்தது. இந்தக் காலத்துக் காரைப்போல ஒரே பாக்டரியில் முழுசாகப் பிறந்து வந்ததல்ல. அன்றைக்குப் பெரிய இடத்துக் கார்களெல்லாம் அப்படித்தான். ஒரு கம்பெனி எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் சக்கரத்தையும் மட்டும் கொடுக்கும். மேலே கூண்டு கட்டுவது வேறு கம்பெனி. வாங்குகிறவர் சொல்லுகிற அளவுக்கு மரத்தில் சட்டம் போட்டு, அதன்மேல் தகட்டைக் கையாலேயே தட்டித் தட்டிப் போர்த்துவார்கள். நம் ஜமீன்தார், தலைப்பாகை இடிக்காத உயரத்துக்குக் கூரை வேண்டும் என்று லண்டனுக்குச் சொல்லி அனுப்பினாராம். பின்சீட்டைச் சுற்றிப் பட்டுத் திரை, வெற்றிலைப் பெட்டிக்கென்று தனியாக ஒரு அறை. இதே மாதிரி இன்னொன்று உலகத்தில் கிடையாது என்று வேலுசாமியின் மகள் கீர்த்தனா சொல்லும்போது அவள் குரலே மாறிவிடும்.

ஜமீன் ஒழிந்த பிறகு அந்தக் கார் நாய் படாத பாடு பட்டது. டூரிங் டாக்கீஸ்காரர் ஒருவர் வாங்கி, கூரையில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி, சித்தையன்கோட்டை வரைக்கும் ஊர் ஊராகப் பட நோட்டீஸ் வீசினார். அப்புறம் கைமாறிக் கைமாறி, கடைசியில் குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு மோட்டார் ரூம் மறைவில் கோழி அடைகிற இடமாகிப் போனது. கோயம்புத்தூரில் வண்டி டிசைன் படித்த கீர்த்தனா அதை அங்கேதான் பார்த்தாள். அப்பாவிடம் வாதாடி, அழுது, சாப்பிடாமல் கிடந்து வாங்க வைத்தாள். எஞ்சின் கோவையில் உயிர் பெற்றது. கறையான் தின்ற மரச்சட்டத்தை, லாரி பாடி கட்டுகிற கருப்பணன் கட்டை கட்டையாக மாற்றிக் கொடுத்தார். சென்னையில் பழைய கார்களுக்கு ஒரு போட்டி வருகிறது. பளபளப்பைவிட, காரில் எது ஆதியில் இருந்தபடியே இருக்கிறது என்றுதான் அங்கே பார்ப்பார்களாம். உள்வேலை ஒன்றுதான் பாக்கி. அதற்குத்தான் இஷாக்.

முன்சீட்டை எலி தின்று நாரும் கம்பியுமாகப் போட்டிருந்தது. பின்சீட்டுச் சாய்மானத்தின்மேல் மட்டும் யாரோ எந்தக் காலத்திலோ கான்வாஸ் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். இஷாக் தையலைப் பிரித்து உறையை உரித்தான். உள்ளே அந்தக் காலத்துத் தோல், தேன் நிறத்தில், ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

கீர்த்தனா வாயைப் பொத்திக்கொண்டாள். “அண்ணா, இது என்ன தோலுங்ணா?”

இஷாக்குக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்! கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை வைத்து மெல்ல இழுத்தான். உண்மையைச் சொல்லப்போனால் அந்த நிமிஷம் அவன் கைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆடு என்றால் இவ்வளவு அழுத்தம் இருக்காது. மாடு என்றால் இவ்வளவு குழைவு இருக்காது. ‘தெரியலம்மா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு போயிருக்கும். ஆனால் கருப்பணன் பார்த்துக்கொண்டிருக்கிறார், வேலுசாமி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“செம்மறி. சீமைச் செம்மறி,” என்றான் கண்ணைத் திறக்காமலே. “குளிர் நாட்டு ஆடு, அதான் இம்புட்டுக் கனம். திண்டுக்கல்லுல இதத் தொட்டுச் சொல்ற கை என் கை ஒண்ணுதான்.”

“ஏனுங்க, தடவியே சொல்லிப்போட்டீங்களே!” என்று வேலுசாமி அசந்துபோனார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “ஒண்ணே ஒண்ணுதானுங்க இஷாக்கு. மத்ததெல்லாம் புதுசு போடுங்க. இந்தச் சாய்மானத் தோலு மட்டும் இருந்தாப்புலயே திரும்ப ஏறோணும். ஒரு துணுக்குகூட வெளிய போகக் கூடாதுங்க. அம்மிணி இதுமேல உசிரையே வெச்சிருக்கறா,” என்றார்.

“அதுக்கென்னண்ணே. கடைக்குக் கொண்டுபோயி அழுக்கெடுத்து, எண்ணெய் போட்டு, பச்சப்புள்ளையத் தூக்கிட்டு வார மாதிரி தூக்கிட்டு வாரேன்.”

சொன்னபோது அப்படித்தான் நினைத்திருந்தான். அந்த வாரமே பக்ருதீன் மச்சான் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிற சேதி வந்தது.

பக்ருதீன், இஷாக்கின் மனைவி ஆரிபாவுக்கு அண்ணன். நாகல் நகரில் பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். கடையைக் கழுவி மூடிவிட்டு மிச்சத்தை யாருக்காவது கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிற மனிதர். வருஷக்கணக்காகக் காத்திருந்து கிடைத்த ஹஜ். ஆரிபாவின் தங்கை மாப்பிள்ளைகளில் ஒருவர் சக்கரம் வைத்த பெட்டி வாங்கி வைத்துவிட்டார், இன்னொருவர் வெளிநாட்டுப் போன். “நம்ம என்னங்க குடுக்கப் போறோம்?” என்று ஆரிபா கேட்டாள். கேட்டதில் குத்தல் ஒன்றும் இல்லை. இஷாக்குக்குத்தான் குத்திற்று. அந்தக் குடும்பத்தில் தன்னைச் ‘சீட்டுத் தைக்கிற மாப்பிள்ளை’ என்று முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். பல வருஷமாக அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

ஹஜ்ஜில் இஹ்ராம் கட்டும்போது ஆண்கள் தைத்த உடுப்பு உடுத்தக் கூடாது, தைக்காத இரண்டு வெள்ளைத் துணிதான். ஆனால் அந்த வெள்ளைத் துணிக்குமேல் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொள்ளலாம். பாஸ்போர்ட், பணம் வைக்க எல்லாரும் கட்டுவார்கள். ராஜா சாய்ந்த தோலில் ஒரு பெல்ட்! பெட்டியும் போனும் அதற்குப் பக்கத்தில் நிற்குமா?

குஷன் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிரித்தெடுத்த பழைய உறை பிரித்தவனுக்கு. யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அந்த வழக்கத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் இஷாக் கத்தரியை எடுத்தான். ‘ஒரு துணுக்குகூட’ என்று வேலுசாமி சொன்னது காதில் இருந்தது. இருந்தும் வெட்டினான். அளவெடுத்துக் கோடு போட்டுத்தான் வெட்டினான், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அகரத்துக்குப் போய் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை மட்டும் கீர்த்தனாவிடம் நீட்டினான். “தண்ணி பட்டதும் பொடிப்பொடியா உதிர்ந்து போச்சும்மா. மேலுக்குத்தான் நல்லாருந்துச்சு, உள்ளுக்குள்ள உளுத்துப் போயிருக்கு. புதுத் தோலுக்கு நிறம் பாக்க இது ஒண்ணுதான் மிஞ்சுச்சு.”

அவள் துண்டை வாங்கிக்கொண்டாள். “பரவால்லீங்ணா, நீங்க என்ன பண்ணுவீங்க,” என்றாள். அப்புறம் காருக்கு அந்தப் பக்கம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைப்பதை இஷாக் பார்த்தான். கார்தானே, பணக்கார வீட்டுப் பிள்ளை, நாலு நாளில் மறந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

விருந்தன்றைக்கு வீடு கொள்ளாத கூட்டம். இஷாக் வெல்வெட் துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தான். பிரித்துக் காட்டியதும் பேச்செல்லாம் நின்றது. பித்தளைக் கொக்கி, பாஸ்போர்ட் வைக்க மறைவாக ஒரு பை, பார்த்தால் தையல் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. “ஜமீன்தார் சாஞ்ச தோலு மச்சான். தொண்ணூறு வருசத்துக்கு முந்தி சீமைல இருந்து வந்தது. ஓனர் வேலுசாமி அண்ணன் என் வேலையப் பாத்து மெச்சிப்போயி, உங்க மச்சான் ஹஜ்ஜுக்குப் போறாருல்ல, இதக் குடுங்கன்னு அவரே எடுத்துக் குடுத்தாரு,” என்று அளந்தான். ஒரு பொய் போதாதென்று இன்னொன்று.

பெல்ட் கைக்குக் கை போயிற்று. சக்கரப் பெட்டிக்காரர் தடவிப் பார்த்தார். பள்ளிவாசல் ஹஜ்ரத் வாங்கிப் பார்த்து ‘மாஷா அல்லாஹ்’ என்றார். பக்ருதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே இடுப்பில் கட்டிக்கொண்டு, அதோடேயே போய் மக்ரிப் தொழுதார். ஆரிபா அன்று இவன் தட்டில் கறியாக எடுத்துப் போட்டாள். சீட்டுத் தைக்கிற மாப்பிள்ளை அன்றைக்குத் தரையில் நடக்கவில்லை.

மச்சான் புறப்பட நான்கைந்து நாள் இருக்கும்போது கீர்த்தனா போன் பண்ணினாள். “கொஞ்சம் வந்துட்டுப் போங்ணா.”

இஷாக் போனபோது கொட்டகை வாசலில் ஒரு வாளித் தண்ணீரும், உறை பிரிக்காத சோப்பும் இருந்தன. பக்கத்தில் வேலுசாமி தோளில் துண்டோடு நின்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கீர்த்தனா அந்தத் துண்டுத் தோலை மேசைமேல் வைத்துவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“எப்படிச் சொல்றதுன்னே தெரியலீங்ணா. புதுத் தோலோட ஒப்பிட்டுப் பாக்கலாம்னு இதப் பெருசு பண்ணிப் போட்டோ எடுத்தேன். இது செம்மறி இல்லீங்ணா.” போனை நீட்டினாள். “மயிர்க்கால் தெரியுதுங்களா? மூணு மூணா, முக்கோணமா இருக்கு பாருங்க. துளை அடிப்பக்கம் வரைக்கும் இறங்கியிருக்கு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் இப்படி வராது. அந்தக் காலத்துல சில பெரிய கார்களுக்கு இதத்தான் கேட்டு வாங்கிப் போட்டிருக்காங்க. ரொம்ப உழைக்கும்னு.” அப்பாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். “பன்னித் தோலுங்ணா.”

இஷாக் போனைப் பார்த்தான். மூன்று மூன்றாகப் புள்ளிகள். ஆடு, மாடு, எருமை, ஒட்டகம் என்று எத்தனையோ பார்த்த பரம்பரை. அந்தக் கைகள் அறியாத தோல் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அவர்கள் ஷாப் வாசலைக்கூட அது மிதித்ததில்லை. அதனால்தான் அன்றைக்குப் பிடிபடவில்லை. பிடிபடாததற்குப் பேர் வைத்ததுதான் இவன் வாய். அவனுக்கு முதலில் ஞாபகம் வந்தது, மக்ரிப் தொழுகையில் குனிந்து நிமிர்ந்த பக்ருதீனின் இடுப்பு. 

“மன்னிச்சுப்போடுங்க இஷாக்கு,” என்று வேலுசாமி கையைக் கூப்பினார். “நாங்க தெரியாம உங்க கையில குடுத்துப்போட்டோம். சோப்புப் புதுசுங்க, கை கழுவிக்குங்க. உங்களுக்கு மனசு ஒப்பலீன்னா இந்த வேலையே வேண்டாம்ங்க. நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்.”

“அது பொடிஞ்சு போனதுகூட நல்லதுக்குத்தான்னு தோணுதுங்ணா,” என்றாள் கீர்த்தனா. “இல்லாட்டி முழுசையும் மடியில வெச்சு எண்ணெய் தேச்சிருப்பீங்க.”

அவன் வாளிக்குமுன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கழுவினான். வேலுசாமியே செம்பால் மொண்டு ஊற்றினார். தோலைத் திருடியவனுக்குத் தோலுக்குச் சொந்தக்காரர் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கிறார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “விடுங்கண்ணே, தெரியாமத்தான,” என்று பெரிய மனதுக்காரன்போல் அவரைத் தேற்றிவிட்டு வந்தான். சீ!

பெல்ட்டுக்கு வெட்டியதுபோக மிச்சத் தோல், பாதிக்குமேல், கடைப் பரணில் பையில் இருந்தது. வந்த வேகத்தில் அதை எடுத்து, பின்பக்கம் ரெக்சின் கழிவோடு போட்டுத் தீ வைத்தான். அசுத்தம் என்பதற்காக என்று அவன் சொல்லிக்கொள்ளலாம். அது பாதிதான். எங்கே இருந்தாலும் அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம் மறுபாதி. தோல் சுருண்டு கருகி அடங்குகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தான்.

இனி பெல்ட். மச்சான் வீட்டுக்குப் போய், “கொக்கி கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும், குடுங்க, இறுக்கித் தாரேன்,” என்றான். “வேணாம் மாப்ளே, நல்லா உடம்போட ஒட்டிப் போச்சு,” என்று பக்ருதீன் வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். அங்கே நிறைய நடக்க வேண்டியிருக்கும் என்று தினமும் காலையில் அதைக் கட்டிக்கொண்டு நடந்து பழகுகிறாராம். ஹஜ்ரத்திடம் போய், யாரோ ஒருவருக்கு நடந்ததுபோல் கேட்டுப் பார்த்தான். தெரியாமல் செய்தால் குற்றமில்லை, தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருப்பவன் தலையில்தான் விடியும் என்று அவர் பட்டென்று சொல்லிவிட்டார். அப்போதும் இஷாக்குக்கு நாக்குப் புரளவில்லை. ஆரிபா, “ஏங்க, ஒரு மாதிரியா இருக்கீங்க?” என்று கேட்டதற்கு, வேலை அசதி என்றான்.

புறப்படுகிற நாளும் வந்துவிட்டது. காலையில் வாசலில் வேன் நிற்கிறது. சென்னை போய் அங்கிருந்து விமானம். ஹஜ்ஜுக்குப் போகிறவர், படியிறங்குமுன் சொந்தபந்தம், அக்கம்பக்கம் ஒவ்வொருவர் கையையும் பிடித்து மாப்புக் கேட்பது வழக்கம். யார் மனக்குறையையும் சுமந்துகொண்டு அந்த இடத்துக்குப் போகக் கூடாது. பக்ருதீன் வெள்ளை ஜிப்பாவில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். வாடிக்கைக்குக் கறி போடுகிறவரிடம் கேட்டார், பக்கத்து டீக்கடைக்காரரிடம் கேட்டார். இஷாக் கதவோரம் ஒண்டி நின்றான். அவர் தேடிக்கொண்டு வந்து அவன் இரண்டு கையையும் பிடித்தார். ஜிப்பாவுக்குள் பெல்ட் கொக்கி துருத்திக்கொண்டிருந்தது.

“மாப்ளே, தெரிஞ்சோ தெரியாமலோ உங்க மனசு நோக எதும் செஞ்சிருந்தா அல்லாவுக்காக மாப்பு செஞ்சிருங்க. சீட்டுத் தைக்கிற மாப்பிள்ளைன்னு இவனுக சிரிக்கும்போது ஒரு தடவ நானும் கூடச் சிரிச்சிருக்கேன். ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருக்கு. அதையும் மாப்பு செஞ்சிருங்க.”

 இஷாக் அவர் கையை விடாமல் அப்படியே இழுத்துக்கொண்டு கொல்லைப்புறத்துக்குப் போனான். “மச்சான், அந்த பெல்ட்டக் கழட்டுங்க. அது ஆடு இல்ல. நான் சொன்னது தப்பு. அது... அது பன்னி மச்சான்.”

பக்ருதீனின் கை கொக்கிக்குப் போய் அப்படியே நின்றது. கண்ணை மூடிக்கொண்டார். “யா அல்லா, இதோட தொழுதிருக்கேனே,” என்றார். பெல்ட்டைக் கழற்றி, கொடியில் கிடந்த பிளாஸ்டிக் பையில் போட்டு, குழாயடியில் போய் முழங்கைவரை கழுவினார். உள்ளே போய் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தார். இஷாக் சுவரோடு சாய்ந்து அழுதுகொண்டிருந்தான்.

“அழுகாதீங்க. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அல்லா அறிஞ்சவன்,” என்று அவன் தோளைத் தட்டினார். இஷாக்குக்கு உயிர் வந்தது. இவ்வளவுதானா! இதற்கா இத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைத்தோம்! அப்போது பக்ருதீன் சொன்னார்: “குடுத்த மனுசன் என்ன செய்வாரு, அவரும் தெரியாமத்தான குடுத்திருப்பாரு. பிரியமா எடுத்துக் குடுத்தாருல்ல, அதுதான் பெருசு. கஅபாவுல நின்னு அவருக்கு துஆ செய்யணும்னு நிய்யத்து வச்சிருக்கேன். அதுல மாத்தமில்ல. அவரு பேரு வேலுசாமிதான? அவுக அத்தா பேரு என்ன? அந்தப் புள்ள பேரு?”

‘கீர்த்தனா’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். வேன் கிளம்பிப் போயிருக்கும். யாருக்கும் தெரியப் போவதில்லை. இஷாக் வாயைத் திறந்தான். அந்தப் பெயர் வரவில்லை.

“அவரு குடுக்கல மச்சான்.”

“என்னது?”

“நான் எடுத்தேன். ஒரு துணுக்குகூட எடுக்கக் கூடாதுன்னாரு. எடுத்தேன். உளுத்துப் போச்சுன்னு அந்தப் புள்ளகிட்டப் பொய் சொல்லிட்டேன்.”

பின்கதவில் ஆரிபா டிபன் கேரியரோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. பன்னி என்று கேட்டபோதுகூட அவன்மேல் மாறாத பக்ருதீனின் முகம் இப்போது மாறியது. கோபமாக இருந்தாலாவது தேவலை. அருவருத்துக்கொண்டவர்போல ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

“பன்னின்னு உங்களுக்குத் தெரியாது. சரி. இது தெரியுமில்ல?”

இஷாக் ஆமென்று தலையாட்டினான்.

“களவாண்டத இடுப்புல கட்டி அல்லா வீட்டுக்கு அனுப்பப் பாத்தீங்களே மாப்ளே. பிரியாணி வித்துப் பொழைக்கிறவன், அம்புட்டு வருசம் சேத்துப் போறேன்.” குரல் உடைந்தது. பிளாஸ்டிக் பையை எடுத்து இஷாக்கின் கையில் திணித்துவிட்டுக் கேட்டார்: “அகரம் எம்புட்டுத் தூரம்?”

வேன் திருச்சி ரோட்டுக்குப் போகாமல் தாடிக்கொம்புப் பக்கம் திரும்பியது. ஏன் சுற்றிப் போகிறோம் என்று சின்ன மாப்பிள்ளைகள் கேட்டார்கள்.  இஷாக் பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். எத்தனையோ தடவை போன ரோடு, அன்றைக்குச் சீக்கிரம் தீர்ந்துவிட்டது.

வேன் நிறைய ஆளைப் பார்த்து, ஹஜ்ஜுக்குப் போகிற வழி என்று கேட்டதும் வேலுசாமிக்குத் தலைகால் புரியவில்லை. “யாத்திரை போறவங்க நம்ம வாசலுக்கு வந்திருக்கீங்களே! எறங்குங்க, எறங்குங்க,” என்று தானே அரிவாளை எடுத்து இளநீர் சீவ ஆரம்பித்தார்.

“இளநி இருக்கட்டும்ணே,” என்றார் பக்ருதீன். “மொதல்ல இவரு பேசணும்.”

இஷாக் சொன்னான். கொல்லைப்புறத்தில் ஒருவரிடம் சொன்னது. இங்கே வேன் ஜன்னலெல்லாம் தலை. வேலுசாமி பாதி சீவிய இளநீரைக் கையில் பிடித்தபடி கேட்டார். தண்ணீர் அவர் வேட்டியில் ஒழுகியது, அவர் கவனிக்கவில்லை. கேட்டு முடித்து, இளநீரையும் அரிவாளையும் மெல்லக் கீழே வைத்தார். “கேட்டிருந்தா...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். “எங்கிட்டச் சொன்னாப் போதாதுங்க. உள்ள அம்மிணி இருக்கறா. அவகிட்டச் சொல்லுங்க.”

கொட்டகைக்குள் கார் கறுப்பும் சந்தன நிறமுமாக மின்னிக்கொண்டிருந்தது. பின்சீட்டு மட்டும் இன்னும் போர்த்தாமல், ஸ்பிரிங்கும் குதிரைமயிரும் தெரியத் திறந்து கிடந்தது. கீர்த்தனா உள்ளே மண்டியிட்டு வெற்றிலைப் பெட்டி அறைக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தாள். “வாங்ணா! வெளிய வந்திருக்கறது உங்க சொந்தக்காரங்களா? அப்பா சத்தம் கேட்டுது,” என்று சிரித்தாள்.

மூன்றாவது தடவையாகச் சொன்னான். இந்தத் தடவை சொற்கள் குறைந்துபோயிருந்தன. பையை வாங்கி அவள் பெல்ட்டை வெளியே எடுத்தாள். கொக்கியைத் தள்ளிவிட்டு, தோலை மட்டும் விரலால் நீவி, திறந்து கிடந்த சாய்மானத்தின் குறுக்கே வைத்துப் பார்த்தாள். அது ஒரு பட்டையாக நடுவில் கிடந்தது.

“மீதி எங்கீங்ணா?”

இதை அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. “எரிச்சுட்டேன்மா.”

“எப்போ?”

“நீ கூப்ட்டுச் சொன்ன அன்னிக்கு.”

கீர்த்தனா காரின் படியில் உட்கார்ந்தாள். “அப்போ நான் சொல்லுற வரைக்கும் நல்லா இருந்திருக்குது,” என்றாள், யாரிடமோ பேசுவதுபோல. “உங்களுக்குச் சங்கடமாயிரக் கூடாதேன்னுதான் அவசரமாக் கூப்ட்டுச் சொன்னேன். நான் சொல்லாமலே இருந்திருக்கோணும்.”

 பக்ருதீன் உள்ளே வந்து அவளுக்குமுன் நின்றார். “தாயி, உங்க பொருள என் இடுப்புல கட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். எனக்கு மாப்பு குடுங்க.”

அவள் பதறி எழுந்தாள். “உங்களுக்கு என்னங்கய்யா மாப்பு. நல்லபடியாப் போயிட்டு வாங்க,” என்று கும்பிட்டாள். பக்ருதீன் திரும்பி இஷாக்கைப் பார்த்தார். இப்போது இவன் கேட்க வேண்டிய இடம். வேலுசாமியும் வாசலில் வந்து நின்றார். இஷாக் உதட்டை அசைத்தான். கேட்கிற யோக்கியதை இருப்பதாக அவனுக்கே தோன்றவில்லை.

“நீங்க போங்ணா,” என்றாள் கீர்த்தனா. அப்போதும் அண்ணா என்றுதான் சொன்னாள்.

அவன் வெளியே வந்தான். எல்லாரும் ஏறிவிட்டார்கள். வேனில் ஆரிபாவுக்குப் பக்கத்தில் ஒரு இடம் இருந்தது. அவனைப் பார்த்ததும் அவள் மடியிலிருந்த டிபன் கேரியரை அந்த இடத்தில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.